தடைக்காலத்தில் வந்த மூட்டை

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் விசைப்படகுக்குக் கூலியாகப் போகிற எங்களுக்கு அந்த நாட்களில் கையில் காசு புரளாது. அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் மளிகைப் பாக்கிக்கே போய்விடும். போன வருடம் அந்த நேரம் பார்த்து மகளுக்கு நர்சிங் சேர்க்கைப் பணம் கட்ட வேண்டியிருந்தது.

தெரிந்த ஒருவர் வீடு தேடி வந்தார். "மாப்ள, நீ கடலுக்கே போக வேணாம். ரெண்டு மூட்டை உன் வீட்டுக் கொல்லையில கிடக்கட்டும். ராத்திரி ஆள் வந்து எடுத்துக்கிருவான்" என்றார். உள்ளே என்ன என்று கேட்கத் தேவையே இல்லை. கடலடியில் ஊர்கிற கடல் அட்டைதான். குடலெடுத்து, அவித்து, காயவைத்தால் உள்ளங்கை நிறைய இருந்தது விரலளவுக்குச் சுருங்கி, கட்டையாக இறுகிப்போகும். 2001லிருந்து அதைப் பிடிக்கவும் விற்கவும் தடை. அவர் சொன்ன தொகை மகளின் பணத்தைக் கட்டியும் மிஞ்சும்.

அன்றைக்கு மனசு என்னென்னவோ பேசியது. நாம் பிடிக்கவில்லையே, அக்கரையில் இலங்கையில் பண்ணை வைத்தே வளர்க்கிறார்களே, பிள்ளை படிப்புக்குத்தானே என்றெல்லாம். சோதனை எப்போதும் நியாயம் பேசிக்கொண்டுதான் வரும்.

சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை சொன்னோம். "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்" என்ற இடத்தில் எனக்கு வாய் நின்றுவிட்டது. மனைவி பார்த்துவிட்டாள். ஜெபம் முடிந்ததும் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "நாளைக்குக் காலையிலேயே வேணாம்னு சொல்லிட்டு வந்திருங்க" என்றாள். சொல்லி முடித்ததுமே பாதி பாரம் இறங்கிவிட்டது.

ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்தின் முதல் ஞாயிறு எல்லா வருடமும் இயேசு சோதிக்கப்பட்ட வாசகம்தான். வேர்க்காடு சந்தியாகப்பர் கோவிலில் சின்ன வயதிலிருந்து கேட்டுவருகிறேன். அன்றைக்கு ராத்திரி மத்தேயு நான்காம் அதிகாரத்தைத் திறந்து நானே வாசித்தேன். நாற்பது நாள் நோன்பிருந்து பசித்த பிறகுதான் சோதிக்கிறவன் வருகிறான். கல்லை அப்பமாக்கச் சொல்கிறான். அப்பத்தில் என்ன தப்பு? ஆனால் இயேசு அவனோடு வாதாடவே இல்லை. "என மறைநூலில் எழுதியுள்ளதே" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்.

காலையில் நானும் அப்படித்தான் செய்தேன். போலீசுக்குப் பயம் என்று சொல்லியிருந்தால் "அதை நான் பார்த்துக்கிறேன்" என்பார். காரணம் சொன்னால் அதற்கு அவரிடம் ஒரு பதில் இருக்கும். "வேணாம் மச்சான், என் வீட்டுக்கு அது வர வேணாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அத்தோடு விடவில்லை. பணம் கட்டக் கடைசி நாள் நெருங்கியபோது தொகையைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார். லூக்கா நற்செய்தியில் அலகை, அதாவது சாத்தான், 'ஏற்ற காலம் வரும்வரை' விலகிப்போனது என்றுதான் இருக்கிறது. இந்தத் தடவை மனைவியும் பக்கத்தில் நின்றாள். அதே பதில்தான் சொன்னேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வீட்டிலும் கஷ்டம் உண்டு. ஜெபத்தில் அவர் பெயரையும் சேர்த்துக்கொள்கிறோம்.

மனைவியின் சங்கிலியை அடகு வைத்துத்தான் பணம் கட்டினோம். மகள் படித்துக்கொண்டிருக்கிறாள். சங்கிலியை இன்னும் மீட்கவில்லை, வட்டி மாதாமாதம் போகிறது.