குறைந்த செலவில் எக்சாஸ்ட் சத்தம்: கே.எல்., பினாங்கு காடிக்காரர்கள் கண்டது

செராஸ் – டொயோட்டா 86, மேனுவல்

86-இன் எக்சாஸ்டில் கை வைக்கும் முன் கீழே எது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். எஞ்சினோடு ஒட்டிய குழாய்த் தொகுதியான ஹெட்டருக்குள்ளேயே, புகையைச் சுத்தமாக்கும் முதல் கேட்டலிஸ்ட். அடுத்து ஓவர்பைப், இரண்டாவது கேட்டலிஸ்ட் உள்ள ஃபிரண்ட் பைப், ரெசனேட்டர் (ஒலியை அடக்கும் சின்ன டப்பா) உள்ள மிட் பைப், கடைசியில் இரண்டு வாய் வைத்த பின் பாக்ஸ், அதாவது மஃப்ளர். கையில் 1,000 வெள்ளிதான் என்றால் பின் பாக்ஸை மட்டும் மாற்றுங்கள். ஆக்சிஜன் சென்சார்கள் முன்பக்கம் இருப்பதால் செக் எஞ்சின் விளக்குத் தொல்லை வராது.

சுபாரு மாதிரி குடுகுடுவென்று உறும வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம். அந்த உறுமல் பாக்ஸில் பிறப்பதில்லை. ஹெட்டர் குழாய்கள் சம நீளமாக இல்லாமல் துடிப்புகள் முன்பின்னாக வந்து சேரும்போதுதான் அது கேட்கும். 86-க்கு கம்பெனி போட்டது சம நீள ஹெட்டர். பின் பாக்ஸுக்கு எவ்வளவு கொட்டினாலும் அந்தக் குரல் வராது. கிடைப்பது அதே குரல், கொஞ்சம் ஆழமாக, கொஞ்சம் திறந்து.

பாக்ஸ் வாங்கும்போது வாய் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டை போட்ட நேர்க்குழாய், அதைச் சுற்றி முதலில் ஸ்டீல் உல், அதற்கு வெளியே ஃபைபர் பஞ்சு இருந்தால் நல்லது. மலிவான பாக்ஸில் ஸ்டீல் உல் இருக்காது. சூடான வாயு பஞ்சை நேராகத் தின்றுவிடும், போட்டபோது இனிமையாக இருந்த பாக்ஸ் தகர டப்பா மாதிரி கத்த ஆரம்பிக்கும். செகண்ட் ஹேண்டில் எடுக்கிறவர்கள் விரலால் தட்டிப் பாருங்கள். மந்தமாகக் கேட்டால் பஞ்சு இருக்கிறது, கணீரென்றால் காலி.

கெப்போங் – டொயோட்டா 86, ஆட்டோ

அண்ணன் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. சத்தத்தை ஏற்றுவது சுலபம், காடிக்குள் தலையைப் பிடிக்கும் 'ம்ம்ம்' என்ற முழக்கத்தைத் தவிர்ப்பதுதான் பாடு. பாக்ஸ் மாற்றிய பலர் ஒரு மாதத்தில் கழற்றி விற்பது இதனால்தான்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. அதனால் ஆர்பிஎம்-ஐ (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) 30-ஆல் வகுத்தால் முக்கிய ஒலியின் ஹெர்ட்ஸ் கிடைக்கும். 86 மேனுவலின் ஆறாவது கியர் 0.767, ஆட்டோவுடையது 0.582, இரண்டுக்கும் ஃபைனல் டிரைவ் 4.1. 17 இஞ்ச் டயரில் 110 கிலோமீட்டர் வேகத்தில் மேனுவல் ஏறக்குறைய 2,900 ஆர்பிஎம், ஆட்டோ 2,200. அதாவது ஒன்றில் 97 ஹெர்ட்ஸ், மற்றதில் 73. மேனுவல்காரர் 'முழக்கமே இல்லை' என்று சத்தியம் செய்யும் அதே பாக்ஸ், ஆட்டோவில் காராக் ஹைவே முழுக்க முழங்கலாம். யார் பேச்சைக் கேட்டு வாங்கினாலும் அவர் காடியின் கியர்பாக்ஸ் எது என்று முதலில் கேளுங்கள்.

முழக்கம் வந்துவிட்டால் பாக்ஸைத் தூக்கி எறிய வேண்டாம். மிட் பைப்பிலிருந்து ஒரு கிளைக் குழாய் பிரித்து, அதன் மறுமுனையை மூடி வெல்ட் செய்தால் போதும். கிளைக்குள் போன அலை மூடிய முனையில் மோதித் திரும்பி வந்து அந்த ஒரு ஹெர்ட்ஸை மட்டும் அடித்துவிடும். நீளக் கணக்கு: ஒலியின் வேகத்தை, ஹெர்ட்ஸை நான்கால் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். தப்பு நடப்பது இங்கேதான். சாதாரணக் காற்றின் 340 மீட்டரைப் போட்டுக் கணக்கிட்டால் குழாய் குட்டையாகிவிடும். கிளைக்குள் 150 டிகிரி சூடு என்று வைத்தால் ஒலி வேகம் 412 மீட்டர். 97 ஹெர்ட்ஸுக்கு 1.06 மீட்டர், 73 ஹெர்ட்ஸுக்கு 1.41 மீட்டர். 10 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, முனையைப் புள்ளி வெல்டில் மூடி ஓட்டிப் பாருங்கள். முழக்கம் இன்னும் குறைந்த ஆர்பிஎம்-க்கான இடத்தில் அடங்கினால் குழாய் அதிக நீளம் என்று அர்த்தம், இரண்டு இரண்டு சென்டிமீட்டராகக் குறையுங்கள். குட்டையாகப் போன குழாயை ஒட்டி நீட்டுவது இரட்டை வேலை. கிளையின் விட்டம் மெயின் பைப் அளவே இருக்கட்டும், ஒல்லியாகப் போட்டால் பலன் குறைகிறது. 1.41 மீட்டர் நேராக நிற்க அடியில் இடமில்லை, வளைத்துத் திருப்பலாம். நடுக்கோட்டில் அளந்த நீளம்தான் கணக்கு.

தஞ்சோங் பூங்கா, பினாங்கு – சத்ரியா நியோ 1.6

சின்ன எஞ்சின்காரர்களுக்கு: நியோவில் இருக்கும் கேம்ப்ரோ 1.6 எஞ்சினுக்கு 2 இஞ்ச் பைப் போதும். 2.5 இஞ்ச் போட்டால் குறுக்குப் பரப்பு 56 சதவீதம் கூடுகிறது, வாயு ஓட்டம் சோம்பிப் போகிறது. சத்தம் கனமாக இல்லாமல் வெறுமையாகத்தான் வரும், ஆயர் ஈத்தாம் ஏற்றத்தில் இரண்டாவது கியர் இழுவையும் குறைந்ததாகத் தெரியும்.

கடலோரத்தில் மைல்ட் ஸ்டீல் வேண்டாம். உப்புக் காற்று வெளியிலிருந்தும் தண்ணீர் உள்ளிருந்தும் அரிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. வீட்டிலிருந்து கர்னி வரை போய்வரும் குட்டைப் பயணத்தில் பாக்ஸ் சூடேறாமல் அந்த நீர் உள்ளேயே தேங்கும். பாக்ஸின் மிகத் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டுவிடுங்கள். சத்தம் மாறாது. காசு இருந்தால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இல்லாவிட்டால் 409 ரகம். 409 மேலே பழுப்பேறும், ஆனால் எளிதில் ஓட்டையாகாது.

செகாம்புட் – வெல்டிங் பக்கம்

போமனிடம் (மெக்கானிக்) கேட்க வேண்டியது இரண்டு. வளைவு மேண்ட்ரலா (குழாய்க்குள் தாங்கு வைத்து வளைத்தது), வெளியிலிருந்து அமுக்கியதா? அமுக்கி வளைத்தால் வளைவில் குழாய் சப்பிவிடும், 2.5 இஞ்ச் வாங்கியதற்கு அர்த்தமில்லாமல் போகும். அடுத்தது, டிக் வெல்டிங் செய்யும்போது குழாய்க்குள்ளும் ஆர்கான் விடுவாரா? விடாவிட்டால் 304-இன் உள்பக்கம் கரிச் சர்க்கரை மாதிரி பொரிந்து, அங்கிருந்தே விரிசல் ஆரம்பிக்கும். 304-உடன் 304 ஒட்ட 308எல் கம்பி. பழைய மைல்ட் ஸ்டீல் ஃபிளேஞ்சோடு ஒட்ட 309எல். கடையில் ஒரே கம்பியில் எல்லாவற்றையும் முடிப்பதுதான் வழக்கம், அதனால் வாய் விட்டுக் கேளுங்கள்.

காடியில் வைத்துப் புள்ளி வெல்ட் மட்டும். முழு வெல்ட் கழற்றி வைத்து. மிட் பைப் பெட்ரோல் டேங்க் பக்கமாகப் போகிறது, அதன் கீழே படுத்து நெருப்பு விடுவது விளையாட்டல்ல. புள்ளி வெல்டுக்கும் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல் நாள் இரவே எண்ணெய் அடித்து வையுங்கள். ரப்பர் ஹேங்கருக்குச் சோப்புத் தண்ணீர். பூட்டும்போது எல்லா போல்ட்டையும் தளர்வாகப் போட்டு, பைப்பை நேராக்கி, முன்னாலிருந்து பின்னால் இறுக்கிக்கொண்டே போங்கள். 2 மீட்டர் 304 பைப் 300 டிகிரி சூடேறினால் 10 மில்லிமீட்டர் நீளும். ஆறிய நிலையில் பம்பருக்கும் வாய்க்கும் 15 முதல் 20 மில்லிமீட்டர் இடைவெளி விடாதவர்களின் பம்பர் உருகியதை நிறையப் பார்க்கலாம்.

பங்சார் – புதியவர்

ரெசனேட்டரை மட்டும் வெட்டி நேர்க்குழாய் போட்டால் மலிவாக முடியுமே?

செராஸ்

முடியும் தம்பி, ஆனால் ரெசனேட்டர் அடக்குவது உயர்ந்த கீச்சு ஒலியை. அது போனால் 4,000 ஆர்பிஎம்-க்கு மேல் குளவி கூட்டம் மாதிரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு பின் பாக்ஸை மாற்றுங்கள்.

கெப்போங்

அளக்காமல் முடிக்காதீர்கள். நிற்கும் காடியின் சத்தத்தை அளக்கும் ஐஎஸ்ஓ 5130 முறைப்படி மைக் எக்சாஸ்ட் வாயிலிருந்து அரை மீட்டர் தூரம், 45 டிகிரி கோணம், வாயின் அதே உயரம். உச்ச சக்தி 7,000 ஆர்பிஎம்-இல் வரும் 86-க்கு அந்த முறை சொல்வது 3,750, அதில் நிலையாகப் பிடித்து, பிறகு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். சுற்றுப்புறச் சத்தம் குறைந்தது 10 டெசிபெல் கீழே இருந்தால்தான் எண்ணுக்கு மதிப்பு. ஃபோன் ஆப் துல்லியமில்லை, ஆனால் ஒரே ஃபோனில் முன்னும் பின்னும் அளந்தால் எவ்வளவு ஏறியது என்று தெரியும். காலையில் முதல் ஸ்டார்ட்டையும் தனியாக அளங்கள். கேட்டலிஸ்ட்டைச் சூடாக்க எஞ்சின் கொஞ்ச நேரம் உயர் ஐடிலில் ஓடும், தாமானில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுவது அப்போதுதான். 1987-இன் மோட்டார் வாகன இரைச்சல் விதிகள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) நிறுத்தினால் 'கடையில் இப்படித்தான் விற்றார்கள்' என்ற பதில் எடுபடாது. கேட்டலிஸ்ட்டைக் கழற்றவே கழற்றாதீர்கள், ஒரிஜினல் பாக்ஸை விற்காமல் வையுங்கள்.

செகாம்புட்

பூட்டிய பிறகு கசிவு பார்க்க: திறந்த வெளியில் எஞ்சினை ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து, ஒருவர் கனமான துணியால் வாயைப் பாதி அடைக்க, இன்னொருவர் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் அடிக்கட்டும். குமிழ் வந்தால் அங்கே கசிவு. 500 கிலோமீட்டர் ஓடியதும் ஃபிளேஞ்ச் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள், புது கேஸ்கெட் அதற்குள் அமுங்கியிருக்கும்.