விட்ஸ் காருக்கு எந்த சைலன்சர் பொருந்தும்?

மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிறேன். என்னுடையது டொயோட்டா விட்ஸ், 1000 சிசி, மூன்று சிலிண்டர். பின் சைலன்சரின் அடிப்பக்கம் உப்புக்காற்றில் அரித்துவிட்டது. விரலால் தட்டினாலே துரு செதில் செதிலாக உதிர்கிறது. அதற்கு மேல் ஒட்டுப் போட மனமில்லை. துருப்பிடிக்காத உருக்கில் புதிதாகவே போட விரும்புகிறேன்.

ஒரு கராஜில் இரண்டரை அங்குலக் குழாய் போடச் சொல்கிறார்கள். இந்தச் சின்ன எஞ்சினுக்கு அது மிக அதிகம். புகை வெளியேறும் வேகம் குறைந்து, கீழ்க் கியரில் இழுவை குறையலாம். புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரையும், புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் சென்சரையும் யாரையும் தொடவிடமாட்டேன். புகைப் பரிசோதனையில் தேறாவிட்டால் வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாதே. இரைச்சலும் வேண்டாம். விடியற்காலையில் காரை எடுப்பவன் நான், அயல்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

அண்ணன்மாரே, தம்பிமாரே, ஒன்றே முக்கால் அங்குலம் போதுமா, இரண்டு வேண்டுமா? துருப்பிடிக்காத உருக்கில் 304 தரம் என்று விற்கும் குழாயில் காந்தம் இறுக ஒட்டினால், அது பெரும்பாலும் 409 என்ற குறைந்த தரம்தான். உப்புக்காற்றுக்கு அது தாங்காது. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உண்மையான 304 வைத்து, ஆர்கன் வெல்டிங்கில் சுத்தமாகப் பொருத்துகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பின்பகுதியை மட்டும் மாற்றியவர்கள், ஏசி போட்டு நிற்கும்போது உள்ளே அதிர்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.