டி.ஏ. (டெரிட்டோரியல் ஆர்மி) ஆட்களோடு உங்களுக்கு நேர்ந்தது

நூல்கண்டு:
எங்கள் மில் ஃபிட்டர் அண்ணன் டெரிட்டோரியல் ஆர்மி, சொந்த வேலையை வைத்துக்கொண்டே பகுதி நேர ராணுவம். வருடத்துக்கு இரண்டு மாதம் கேம்ப் போய்விட்டு வந்துவிடுவார். ஒரு தடவை பட்டாலியனையே எம்பாடி பண்ணி, அதாவது முழுநேரப் பணிக்குக் கூப்பிட்டு, ஜம்மு பக்கம் அனுப்பிவிட்டார்கள், ஒன்றரை வருடம் கழித்து வந்தார். நேராக டைம் ஆபீஸ் போய்த் தன் வருகைக் கார்டைத் தேடுகிறார், அந்தச் செருகலில் வேறு பையன் கார்டு. "அதென்ன, ஹோம்கார்டு மாதிரிதானே?" என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தோம். ஆமாம், நானும்தான். அவர் அந்தச் செருகலையே விரலால் தடவிக்கொண்டு நின்றார். திரும்ப வேலையில் சேர்க்க வேண்டும் என்று டி.ஏ. சட்டத்திலேயே இருக்கிறதாம், எனக்கு அப்புறம்தான் தெரியும்.

ஒன்பதடி:
கோவையில் டி.ஏ.வுக்கு ஆள் எடுக்கும் ராலி. எனக்கு முந்தைய பேட்ச்சில் ஓர் ஆட்டோக்காரர், காக்கிச் சட்டையோடு. ஷூ இல்லை, வெறுங்காலில் ஓடிக்கொள்கிறேன், பிடிங்க தம்பி என்று செருப்பைக் கொடுத்துவிட்டு 1.6 கிலோமீட்டர் ஓடப் போனார். என் முறை வந்ததும் அதை வேலியோரம் வைத்துவிட்டு ஓடினேன். நான் ஓட்டத்திலேயே அவுட், அடுத்துத் தாண்ட வேண்டிய 9 அடிப் பள்ளத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. வந்து பார்த்தால் செருப்பு இருக்கிறது, ஆளைக் காணோம். தேறி உள்ளே போனாரா, எங்காவது சுருண்டு விழுந்தாரா? ஒரு மணி நேரம் நின்றேன். வலது செருப்பில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது.

குவார்ட்டர்ஸ் பையன்:
நூல்கண்டு, சிரித்தவர்களையாவது மன்னிக்கலாம். எங்கள் அப்பா ரயில்வே டி.ஏ., ரயில்வே ஊழியர்களையே வைத்த பிரிவு. 1974 மே ரயில்வே ஸ்ட்ரைக்கில், கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் வெளியே நிற்க, சிலர் ஜெயிலில் கிடக்க, இவரை யூனிஃபார்ம் மாட்டி வண்டி ஓட வைக்கக் கூப்பிட்டார்கள், மாட்டேன் என்றால் ராணுவச் சட்டம். குழாயடிக்கு அம்மா போனால் மற்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளி நிற்பார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஸ்ட்ரைக் 20 நாளில் முடிந்தது, குழாயடி இரண்டு வருடம் ஓடியது. அப்பா செய்தது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது, ஆனால் யாராவது கருங்காலி என்றால் சண்டைக்கு வருவேன்.

மண்வெட்டி:
சண்டை வேண்டாம், ஆனால் குடத்தைத் தள்ளி வைத்தவர்கள் வீட்டிலும் அந்த மாதம் அடுப்பு எரியவில்லை, அதையும் யோசியுங்கள். நான் பார்த்தது உத்தராகண்டில் பிதோராகர் பக்கம், டி.ஏ.வின் ஈக்கோ (சுற்றுச்சூழல்) பட்டாலியன் சிப்பாய் மலைச்சரிவில் கன்று நட்டுக்கொண்டிருந்தார். துப்பாக்கி எங்கே என்றேன், மண்வெட்டியைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான். சேர நினைக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். 2019-ல் தோனி காஷ்மீரில் ட்யூட்டி பார்த்ததைப் பார்த்துக் கிளம்பாதீர்கள், அவருடையது கௌரவப் பதவி. வயது 18-லிருந்து 42, கையில் சொந்தச் சம்பாத்தியம் இருக்க வேண்டும். கூப்பிட்ட நாளுக்குத்தான் சம்பளம், வீட்டில் இருக்கும் மாதத்துக்குக் கிடையாது. பென்ஷன் வேண்டுமென்றால் எம்பாடி ஆன நாட்களை மட்டும் கூட்டி சிப்பாய்க்கு 15 வருடம், ஆபீசருக்கு 20 வருடம் தேற வேண்டும், பலருக்குத் தேறாது. முதலாளியிடம் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், கூப்பிடும் கடிதத்துக்கு நகல் எடுத்து ஒன்றை வீட்டில், ஒன்றை...

ஒன்பதடி:
அண்ணே, இங்கே யாரும் சேரக் கேட்கவில்லை. நூல்கண்டு, அவருக்கு வேலை கிடைத்ததா?

நூல்கண்டு:
கிடைத்தது, வாட்ச்மேனாக. காலையில் நான் பைக்கை நிறுத்துவதற்குள் அவர்தான் முதலில் வணக்கம் சொல்வார்.