காரிடாரில் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைப்பது குற்றமா? பறவை பார்ப்பவர்கள் சொல்லுங்கள்

வாசல்மல்லி · சனி, காலை 7.40

சிங்கப்பூரில் அங் மோ கியோவில் ஒன்பதாவது மாடி வீடு. வயது 63. முப்பது வருடமாக உலை இறக்கியதும் முதல் பிடி காகத்துக்கு, அப்புறம்தான் எங்களுக்கு. வீட்டுக்காரர் போன பிறகு அந்த ஒரு பிடி எனக்கு இன்னும் பெரிதாகிவிட்டது. சோற்றைச் சுவர்மேல் வைத்துவிட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றுகொள்வேன், முதலில் காகம், அது போனதும் மைனா நாலைந்து, கடைசியில் மிச்சம் மீதியைப் பொறுக்கச் சிட்டுக்குருவி. எனக்கு வெளியே போய் வர முடியாத நாட்களில் இதுதான் துணை. போன வாரம் பக்கத்து வீட்டார் புகார் கொடுத்துவிட்டார்கள், இப்போது லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது, பறவைக்கு உணவு போட்டால் அபராதம் என்று. இங்கே பறவைப் பிரியர்கள் இருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள், நான் செய்தது தப்பா?

கால்வாய்க்கரை · சனி, காலை 8.15

அக்கா, உங்கள் மனசு புரிகிறது. ஆனாலும் நேராகவே சொல்லிவிடுகிறேன், தப்புதான். 2020-இலிருந்து வனவிலங்குச் சட்டப்படி காட்டுப் பறவை எதற்கும் உணவு போடக் கூடாது, முதல் தடவை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை, மறுபடி என்றால் 10,000 வரை அபராதம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். உங்கள் சுவருக்கு வந்தவர்கள் யார் என்று பாருங்கள்: காகம், மைனா, சிட்டுக்குருவி. அந்த மைனா இந்த மண்ணின் பறவை கிடையாது, 1920-களில் கூண்டில் விற்க ஜாவாவிலிருந்து கொண்டுவந்தது, தப்பித்துப் பெருகி இப்போது தீவு முழுக்க அதுதான். நாம் போடும் சோற்றில் பெருகுவது ஏற்கெனவே பெருகிக் கிடக்கிற இவைதான். பழத்தையும் புழுவையும் பூவையும் நம்பி வாழ்கிற பறவை சோற்றுப் பக்கமே வராது. மைனாக் கூட்டம் மரப்பொந்துகளையும் பிடித்துக்கொள்ளும், அப்புறம் மற்றவை எங்கே போய் முட்டையிடும்? இரவில் அதே பருக்கையைத் தேடி எலி வருவது தனிக் கதை.

ஆலமரம் · சனி, காலை 9.02

"இந்த மண்ணின் பறவை கிடையாது" என்ற பேச்சு எனக்குச் சுருக்கென்று தைக்கிறது. காகம் மலாயாவுக்கு எப்படி வந்தது என்று தெரியுமா? 1890-களில் காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். தோட்ட வேலைக்கென்று கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள், வேலை முடிந்ததும் தொல்லை என்கிறார்கள். என் பாட்டனாரும் தோட்டத்துக்கு வந்தவர்தான். காட்டை எல்லாம் வெட்டி அடுக்குமாடிப் புளோக் கட்டிக்கொண்டோம், இருந்த பழமரத்தை எடுத்துவிட்டோம், ஒரு கிழவி வைக்கிற ஒரு பிடி சோற்றில்தான் இயற்கை கெட்டுவிடுகிறதா? சட்டம் கோப்பிக்கடையில் தட்டுத் தட்டாக மிச்சம் வைப்பவர்களை முதலில் பார்க்கட்டும்.

கால்வாய்க்கரை · சனி, காலை 9.40

கோப்பிக்கடை விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், அங்கேயும் மிச்சத் தட்டைச் சும்மா விடக் கூடாது. காகத்தை நான் வெறுக்கவும் இல்லை, அது புத்திசாலிப் பறவை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதோடு விஷயம் முடியவில்லையே, அது கூடினால் யாருக்கு என்ன ஆகிறது? 2023 தொடக்கத்தில் பீஷானில் நடந்து போனவர்களின் தலையில் காகம் வந்து வந்து அடித்தது நினைவிருக்கும். குஞ்சு இறங்கும் காலத்தில் காகம் அப்படித்தான் காவல் காக்கும், அது அதன் சுபாவம். நாம் சோறு போட்டுக் கூட்டத்தைச் சேர்த்தால் காகக் கூடுகளும் பெருகும், அடியும் பெருகும். கடைசியில் அதிகாரிகள் கூட்டைக் கலைக்கிறார்கள், காகத்தைப் பிடிக்கிறார்கள். நாம் வைத்த சோற்றுக்கு விலை கொடுப்பது அதே காகம்தான்.

பறவைக்கு நல்லது செய்ய வேண்டும் என்றால் இருவாச்சியைப் பாருங்கள். 1800-களின் நடுவில் சிங்கப்பூரில் இல்லாமலே போன பறவை. 1994-இல் புலாவ் உபின் தீவில் மறுபடி தென்பட்டது. யாரும் அதற்குச் சோறு வைக்கவில்லை. அது முட்டையிடப் பெரிய மரப்பொந்து வேண்டும், பெண் பறவை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும், ஒரு பிளவு மட்டும் விட்டு வைக்கும், ஆண் அதன் வழியாக இரை கொடுக்கும். அவ்வளவு பெரிய பொந்துள்ள பழைய மரங்கள் இல்லை என்றுதான் 2004-இலிருந்து கூட்டுப் பெட்டி செய்து மரத்தில் ஏற்றினார்கள். இன்று தெம்பனிஸ் புளோக்குகளுக்கு நடுவே அது சிறகடித்துப் போகிற சத்தம் கேட்கிறது. இருக்க இடம் கொடுத்தார்கள், அதுவாகப் பெருகிக்கொண்டது.

பொங்கோல்_புதுவீடு · சனி, முற்பகல் 11.20

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். புது வீட்டுக்கு வந்து எட்டு மாதம், பதினான்காவது மாடி. பறவை பார்க்க ஆசை வந்ததே இங்கே வந்த பிறகுதான். ஆனால் புறாவைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. சோறு கூடாது என்றால் சரி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைக்கலாமா? சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிட்டால் தேன்சிட்டு வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

தொட்டிச்செடி · சனி, பிற்பகல் 1.05

தம்பி, சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், அதுவும் உணவு போடுவதில்தான் சேரும், இரண்டு நாளில் எறும்பு மொய்த்து நுரைத்துவிடும். தண்ணீர்க் கிண்ணமும் வேண்டாம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம் போதும், ஒரு நாள் மறந்தால் புளோக்குக்கே டெங்கி.

செடி வையுங்கள். பதினான்காவது மாடி உயரம்தான், ஆனால் பொறுமையாக இருந்தால் வரும். நான் எட்டாவது மாடி, சுவா சூ காங். இட்லிப்பூ இரண்டு தொட்டி, செம்பருத்தி ஒன்று, அவ்வளவுதான். முதல் வருடம் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வருடம் ஒரு காலை துணி காயப்போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன், காய்ந்துபோன மணிபிளாண்ட் கொடியில் ஏதோ குப்பை தொங்குகிறது. கையை நீட்டப் போனேன், குப்பைக்குள்ளிருந்து வளைந்த மூக்கு எட்டிப் பார்த்தது.

தேன்சிட்டுக் கூட்டைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? சுரைக்காயைத் தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரி, கைக்குள் அடங்கும். காய்ந்த புல், பஞ்சு, எங்கள் வீட்டுத் துடைப்பக் குச்சியின் நார், எல்லாவற்றையும் சிலந்தி நூலால் கட்டியிருந்தது. பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேலே மழை படாமல் சின்னத் தாழ்வாரம் கூட உண்டு. அடியில் சும்மா வால் மாதிரி குப்பையைத் தொங்கவிட்டிருந்தது, தூரத்திலிருந்து பார்த்தால் கூடு என்றே தெரியாது. கட்டினது முழுக்கப் பெண்தான். கழுத்து நீலமாக மின்னுகிற ஆண் பக்கத்திலே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது, குஞ்சு வந்த பிறகுதான் அதுவும் வேலைக்கு வந்தது. இன்னொன்று கவனித்தேன், குஞ்சுக்கு அவை தேன் கொண்டுவரவில்லை. சிலந்தி, சின்னப் புழு, கொசு மாதிரி ஏதோ பூச்சி. நான் செடிக்கு மருந்து அடித்திருந்தால் அந்தக் குஞ்சுக்கு இரையே இருந்திருக்காது. அன்றிலிருந்து பூச்சி மருந்தை நிறுத்திவிட்டேன். அந்த ஒரு மாதமும் துணியைப் பின்பக்கம்தான் காயப்போட்டோம்.

பாசிர்ரிஸ்காரன் · சனி, மாலை 5.30

எல்லாம் நல்லதுதான், ஆனால் கதவுக்குப் பின்னால் நின்று பத்துப் பறவையைப் பார்ப்பதைப் பறவை பார்ப்பது என்று நான் சொல்ல மாட்டேன். இந்தச் சின்ன ஊரில் 400-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குப் போங்கள், சைபீரியாவிலிருந்து கிளம்பி ஆஸ்திரேலியா வரை போகிற கரைப்பறவைகள் அந்தச் சேற்றில் இறங்கி இரை எடுக்கும். அல்லது எங்கள் பாசிர் ரிஸ் பூங்காவுக்கு வாருங்கள், சதுப்புநில மரத்தின் உச்சியில் சாம்பல் நாரை கூடு கட்டியிருக்கும், நிமிர்ந்து பார்த்தால் போதும். வீட்டிலேயே பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் சோறும் கிண்ணமும் வருகிறது.

தொட்டிச்செடி · சனி, மாலை 6.10

இதை நான் ஏற்க மாட்டேன். பூங்காவுக்குப் போகிற எல்லோரும் சும்மா நிமிர்ந்து பார்த்துவிட்டா வருகிறார்கள்? அந்தக் கூட்டின் படத்தை நான் ஒரு குழுவில் போட்டேன், புளோக் எண்ணோடு, அது என் தவறு. மறுநாளே பெரிய பெரிய லென்சோடு ஆறு பேர் என் வாசலில். ஒருவர் வெளிச்சம் வேண்டும் என்று கொடியை ஒதுக்கிக் கட்டினார். தாய்ப் பறவை இரண்டு மணி நேரம் கூட்டுக்கே வரவில்லை, எதிர்க் கம்பியில் உட்கார்ந்து வாயில் புழுவோடு கத்திக்கொண்டே இருந்தது. நான் எல்லோரையும் போகச் சொன்ன பிறகுதான் உள்ளே போனது. ஃபோனில் பறவைக் குரலைப் போட்டுப் போட்டு ஆந்தையை வெளியே வரவழைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், அந்தப் பறவை தன் இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டதோ என்று பதறி அலைகிறது. என் கதவுக்குப் பின்னால் நிற்பதில் எந்தப் பறவைக்கும் கெடுதல் இல்லை.

பாசிர்ரிஸ்காரன் · சனி, மாலை 6.45

கூட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு. நானும் கேமரா வைத்திருப்பவன்தான், கூட்டின் இடத்தை எங்கேயும் போடுவதில்லை. ஆனால் வெளியே போக வேண்டும் என்பதில் மாற்றமில்லை. பார்க்கப் போனால்தான் அந்த இடம் வேண்டும் என்று பேச நாலு பேர் இருப்பார்கள்.

கால்வாய்க்கரை · சனி, இரவு 9.15

வெளியே என்றால் சுங்கை பூலோ வரை போக வேண்டியதில்லை. நான் ஐந்து வருடமாகப் பார்ப்பது வீட்டுக்குக் கீழே ஓடுகிற கால்வாய். வெறும் கான்கிரீட், மழை இல்லாத நாளில் நடுவில் ஒரு முழத் தண்ணீர். இன்று காலை தோசிக்கொக்கு ஒன்று. கோழியளவுகூட இருக்காது, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு படிக்கட்டு ஓரத்தில் கல் மாதிரி பதினைந்து நிமிடம். நான் மணி பார்த்தேன். மீன் குஞ்சு நிழலுக்கு வந்ததும் அந்தக் கழுத்து எங்கிருந்துதான் அவ்வளவு நீளமாக வந்ததோ, ஒரே குத்து. எதிர்க் கரையில் உள்ளான் வாலை ஆட்டி ஆட்டி நடக்கிறது, ஆகஸ்ட் வாக்கில் வரும், ஏப்ரல் வரை இருக்கும். கம்பிமேல் வெள்ளைக் கழுத்துப்பட்டை போட்ட மீன்கொத்தி, அதன் சத்தம்தான் எங்கள் புளோக்கையே எழுப்புகிறது.

வாசல்மல்லி அக்காவுக்குப் பக்கத்திலேயே பீஷான் - அங் மோ கியோ பூங்கா இருக்கிறது. அங்கே காலாங் ஆறு முன்பு 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டுக் கான்கிரீட் வாய்க்கால். அதை உடைத்து, கல்லும் செடியும் வைத்துக் கரை கட்டி, 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடுகிற ஆறாக 2012-இல் திறந்தார்கள். புல் வளர்ந்தது, தும்பி வந்தது, மீன் தங்கியது, பின்னாலேயே கொக்கும் நாரையும் வந்துவிட்டன. மழை பிடித்தால் மட்டும் உடனே மேலே ஏறிவிடுங்கள், தண்ணீர் சட்டென்று உயரும், எச்சரிக்கை ஒலியும் வரும்.

வாசல்மல்லி · ஞாயிறு, காலை 6.50

எல்லாரும் சொன்னதைப் படித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. நீங்கள் எல்லாரும் பறவை என்கிறீர்கள், எனக்கு அது வீட்டுக்காரர். அமாவாசையன்று காகம் சோற்றைத் தொடாவிட்டால் அவருக்கு என்ன குறையோ என்று மனசு அடித்துக்கொள்ளும். இதைச் சட்டத்தில் எழுத முடியாது, தெரியும். குயில் விடியற்காலையில் கத்துகிறது என்று புகார் செய்கிறவர்களும் இதே புளோக்கில் இருக்கிறார்கள், காகம் இல்லாவிட்டால் குயில் எங்கே போய் முட்டை வைக்கும்?

கால்வாய்க்கரை · ஞாயிறு, காலை 7.20

அதுதான் அக்கா, ஒன்றோடொன்று கட்டியிருக்கிறது. குயில் முன்பு இங்கே வலசை வந்து போகிற பறவை, 1980-களில்தான் இங்கேயே முட்டையிடத் தொடங்கியது, காகக் கூடு இருந்ததால். நாம் எதை வளர்த்தாலும் அதன் பின்னால் இன்னொன்று வரும். அமாவாசைக்கு நான் வழி சொல்ல முடியாது, எனக்கு அந்த அருகதை இல்லை. மற்ற நாட்களில் மட்டுமாவது சோற்றை நிறுத்திப் பாருங்கள்.

ஆலமரம் · ஞாயிறு, காலை 8.00

படையலைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் சாப்பிடுவதும் உண்டு அக்கா, என் அம்மா வெளியே வைக்க முடியாத நாட்களில் அப்படித்தான் செய்தார். சட்டம் இரக்கமில்லாதது என்ற என் எண்ணம் மாறவில்லை. ஆனால் கூட்டைக் கலைக்கிறார்கள் என்றாரே, அது என்னை யோசிக்க வைத்தது.

வாசல்மல்லி · அடுத்த சனி, காலை 9.30

ஒரு வாரம் சோறு வைக்கவில்லை. முதல் மூன்று நாள் காகம் சுவரில் வந்து உட்கார்ந்து என்னையே பார்த்தது, ஜன்னலை மூடிக்கொண்டேன். நாலாம் நாள் வரவில்லை. அமாவாசைக்கு என்ன செய்வது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை, அதைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

இன்று மகள் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு பறவை, முகமும் மார்பும் பால் மாதிரி வெள்ளை, முதுகு கறுப்பு, குட்டை வாலுக்கு அடியில் செங்கல் நிறம், நடக்கும்போது அதைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறது. பின்னாலேயே கறுப்பாகப் பஞ்சுருண்டை மாதிரி நாலு குஞ்சு, ஒன்று மட்டும் கல்லைத் தாண்ட முடியாமல் கத்தியது, தாய் திரும்பி வந்து நின்றது. நாங்களும் நின்றோம். அது என்ன பறவை?

கால்வாய்க்கரை · அடுத்த சனி, காலை 9.42

கம்புள்கோழி அக்கா. சங்கப் பாட்டிலேயே கம்புள் என்று பெயர் இருக்கிறது. குஞ்சு கடைசியில் கல்லைத் தாண்டியதா?