ஒளிர்காந்தத் துணிக்கை: ஒரு மாற்றுச்சொல்

அன்பின் அக்காவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

உடலுக்குள் விடும் magnetic fluorescent nanoparticle, அதாவது காந்தத்துக்கு இழுபட்டு ஒளிரவும் செய்யும் நானோத் துணிக்கை, அதற்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் முன்வைத்த "காந்தவொளிர் துணிக்கை" என்பதைக் கிளிநொச்சியில் என் உயர்தர வகுப்பில் பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். பாதிப்பேர் "காந்தத்தால் ஒளிரும் துணிக்கை" என்றார்கள். பிள்ளைகளில் பிழையில்லை, சொல் அப்படித்தான் விரிகிறது. ஆனால் காந்தம் அங்கே ஒளி தருவதில்லை. உள்ளே இருக்கும் இரும்பொட்சைட்டு காந்தத்துக்கு இழுபடும். ஒளிர்வது அதோடு சேர்த்த சாயம், அல்லது குவாண்டம் புள்ளி எனும் மிகச் சிறிய குறைகடத்தி மணி. சாயம் இரும்பொட்சைட்டை ஒட்டியிருந்தால் ஒளி தணிந்துபோகும் என்பதற்காகவே நடுவில் சிலிக்கா உறை போடுகிறார்கள்.

அதனால் முறையை மாற்றி "ஒளிர்காந்தத் துணிக்கை" என்போமா? ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. ஒளிர்கின்ற காந்தம் என்று விரியும், காந்தத்தால் ஒளிர்வது என்று விரியாது.

தம்பி ஒருவர் சொன்ன "மின்மினித் துணிக்கை" அழகான சொல். குளக்கட்டில் மின்மினி பார்த்து வளர்ந்த எனக்கும் அதில் ஆசைதான். ஆனால் மின்மினி தன் உடலின் இரசாயனத்தால் ஒளி விடுகிறது. இதற்கு வெளியிலிருந்து ஒளி விழவேண்டும். வங்கியில் காசுத்தாளை ஊதாக்கடந்த விளக்கின் கீழ் பிடித்தால் இழைகள் மினுங்குமே, அந்த வகை.

"நானோ" அப்படியே நிற்கட்டும். நுண்ணங்கி, நுணுக்குக்காட்டி என்று "நுண்" ஏற்கெனவே மைக்கிரோ அளவுக்குப் போய்விட்டது. செங்குழியம் ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 7 மைக்கிரோமீற்றர். 10 நானோமீற்றர்த் துணிக்கைகள் 700 வரிசையில் நின்றால்தான் அந்த அகலம் வரும். தமிழ்நாட்டு நண்பர்கள் துணிக்கையைத் துகள் என்று எழுதினாலும் எனக்குச் சம்மதமே.

"காந்தம் என்றால் நோயாளி பயப்படுவார், அதை எடுத்துவிடுவோம்" என்ற கருத்துக்கு மட்டும் நான் உடன்படமாட்டேன். இத்தனை சிறிய மணிகள் வெளிக்காந்தப் புலம் நீங்கியதும் தம் காந்தத்தை இழந்துவிடும். பயத்தை அந்த ஒரு விளக்கத்தால் தீர்க்கலாம். ஆனால் இவற்றை உடலுக்குள் பார்க்க, பெருங்காந்தத்தால் உடலின் உட்புறத்தைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். 2009இல் போர் முடிந்து இத்தனை காலமாகியும் வன்னியில் எறிகணைத் (செல்) துண்டை உடம்பில் சுமந்து நடப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். உருக்குத் துண்டென்றால் அந்தப் பெருங்காந்தத்துக்குள் அசையக்கூடும். கண்ணுக்கோ நரம்புக்கோ பக்கத்தில் இருந்தால் பேராபத்து. கையொப்பமிடத் தரும் தாளில் "காந்தம்" என்ற சொல் கண்ணில் பட்டால்தான் அப்படித் துண்டைச் சுமக்கும் ஓர் அம்மா, "டொக்டர், எனக்குள்ள துண்டு கிடக்கு" என்று வாய் திறப்பா.