மறு: வண்டியின் ‘பிக்கப்’புக்கு என்ன சொல்? ‘எடுப்பு’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

இழை நீண்டு, கடைசியில் அக்ஸலரேஷனுக்கு முடுக்கமா ஆர்முடுகலா என்ற பழைய சண்டையில் வந்து நிற்கிறது. அதை நான் தொடப்போவதில்லை. சென்னையில் முடுக்கம், கொழும்பில் ஆர்முடுகல். இரண்டும் பாடப்புத்தகத்தில் ஊறியவை, இரண்டும் ஒரே கணியம். நான் கேட்டது வேறு: வண்டி வேகம் எடுக்கும் வல்லமையைப் ‘பிக்கப்’ என்கிறோமே, அதற்கு ஒரு தமிழ்ச் சொல்.

கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸின் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பாஸ், அதாவது மெக்கானிக், ‘பிக்கப் மதி’ (பிக்கப் போதாது) என்று சிங்களத்தில் சொல்கிறார். பக்கத்தில் நிற்கும் நம்மவர் ‘ஓம், பிக்கப் காணாது’ என்று தலையாட்டுகிறார். அங்கே போய் ‘ஆர்முடுகல் காணாது’ என்று சொல்லிப் பாருங்கள். ஆர்முடுகல் கணத்துக்குக் கணம் மாறுவது. பிக்கப் என்பது அந்த வண்டியின் குணம். எஞ்சின் தேயத் தேயக் குறைவது, பாரம் ஏற்றினால் படுத்துவிடுவது. பயிலுநர் கையேட்டில் இந்தக் குணத்துக்கு ஒரு பெயர் எனக்கு வேண்டும்.

ஹைலக்ஸ் போல் பின்னால் பாரம் ஏற்றும் வண்டியை இலங்கையில் கெப் என்பதால் நாம் தப்பினோம். தமிழ்நாட்டில் வண்டியும் பிக்கப், குணமும் பிக்கப். ‘பிக்கப்புக்குப் பிக்கப் இல்லை’ என்று எழுதினால் மெய்ப்புப் பார்ப்பவர் ஒன்றை வெட்டிவிடுவார்.

இதுவரை வந்தவற்றில் ‘முடுக்குத்திறன்’ பார்வைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நாம் வலு (பவர்) என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் திறன் என்கிறது. குதிரைவலுவைப் பற்றியே பேசும் அத்தியாயத்தில் இந்தத் திறன் வந்து நின்றால் மாணவன் எந்தத் திறன் என்று கேட்பான். ‘இழுவை’ பேச்சுக்கு மிக நெருக்கம், ‘வண்டி இழுக்குதில்லை’ என்றுதானே சொல்கிறோம். ஆனால் உயர்தரப் பௌதிகத்தில் இழையின் (நூலின்) இழுவை என்று அது ஏற்கெனவே குடியேறிவிட்டது. ‘வேகவளர்திறன்’ பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், போதும்.

என் முன்மொழிவு ‘எடுப்பு’. ‘வண்டி ஸ்பீட் எடுக்குதில்லை’ என்று சொல்லும் வாய்க்கு இது புதிதாக இராது. தமிழிசையில் பல்லவியை எடுப்பு என்பார்கள், பாட்டு அங்கிருந்துதான் கிளம்புகிறது. மட்டக்களப்பு நண்பர் எடுப்புக் கக்கூசை நினைவூட்டினார். சரி, அதுவும் உண்டு. எடுப்பான மூக்கும் உண்டு. இடம் பார்த்துப் பொருள் கொள்ளத் தெரிந்தவர்கள்தானே நாம்.

ஆனால் ஒரு சொல் போதாது. பழைய சிறிய கெப்பை எடுத்துக்கொண்டால் இது உடனே விளங்கும். ஹைலக்ஸின் ‘2எல்’ என்னும் டீசல் எஞ்சினைப் பாருங்கள்: 2446 கனசென்ரிமீற்றர், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லை, எரிபொருள் நேரே சிலிண்டருக்குள் போகாமல் பக்கத்து அறையொன்றில் எரியத் தொடங்கும் வகை, 80 குதிரைவலுவைச் சுற்றி. ஆளோடு சேர்த்து வண்டி 1500 கிலோ என்று வைப்போம். மணிக்கு 100 கிலோமீற்றரில் அதன் இயக்கசக்தி ஏறத்தாழ 580 கிலோயூல். 80 குதிரைவலு என்பது 60 கிலோவாற்று. தாளில் வகுத்தால் 10 செக்கனுக்குள் முடிந்துவிட வேண்டும். தெருவில் அது 20 செக்கனைத் தாண்டுவது சாதாரணம். ஏனென்றால் அந்த 60 கிலோவாற்றும் எஞ்சின் உச்சத்தில் கதறும்போது மட்டும்தான் கிடைக்கும். கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் சில்லுக்கு ஒன்றும் போவதில்லை. கியர் பொக்ஸும், சில்லுகளுக்கு வலுவைப் பிரிக்கும் டிஃபரன்ஷலும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. வேகம் ஏற ஏற அந்தச் சதுர முகத்தில் காற்று வந்து மோதுகிறது.

இதில் மாணவருக்குக் காட்டவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு போவதால், 0 முதல் 60 வரைக்கும் வேண்டியது மொத்தத்தில் 36 சதவீதம்தான். 60 இலிருந்து 100க்குப் போக மிச்சம் 64 சதவீதமும் வேண்டும். காற்றுத் தடை கூடுவதும் அங்கேதான். கெப்பின் முதல் கியர் பாரம் இழுக்கவென்றே அமைந்தது. ஒரு தொன் சீமெந்து ஏற்றினாலும் முனகாமல் கிளம்பும். அதே வண்டி பேலியகொடையில் கட்டுநாயக்கா அதிவேகப் பாதைக்குள் நுழையும்போது, பின்னால் வருபவர் விளக்கு அடிக்க அடிக்க, ஊசி 70இல் நின்று யோசிக்கும். கண்டி வீதியின் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு பஸ்ஸை முந்திப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

ஆகவே இரண்டு சொற்கள். நின்ற நிலையிலிருந்து எடுப்பது ‘நிலையெடுப்பு’. ஓடிக்கொண்டிருக்கும்போது எடுப்பதற்கு ‘ஓட்டெடுப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, அது தேர்தல் ஆணைக்குழுவின் வேலை. ‘இடையெடுப்பு’ என்று வைப்போம். கையேட்டில் ‘60–100 இடையெடுப்பு நேரம், நாலாம் கியரில், செக்கனில்’ என்று ஒரு வரி போட்டால் அளக்கவும் முடியும், ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிடவும் முடியும். கியரைச் சொல்லாமல் கொடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை என்பதையும் அதே இடத்தில் எழுதிவிடலாம்.

பெற்றோல் கெப்கள் இப்படியில்லையே என்று கேட்ட நண்பருக்கு: ‘22ஆர்’ என்னும் பெற்றோல் எஞ்சின் பூட்டிய ஹைலக்ஸ் டீசலைவிட உற்சாகமானது, உண்மை. இன்னும் வேண்டுமானால் 1991இல் அமெரிக்காவில் வந்த ஜிஎம்சி சைக்ளோன் என்னும் கெப். 4.3 லீற்றர், டர்போ, 280 குதிரைவலு, நாலு சில்லுக்கும் இழுப்பு. மணிக்கு 60 மைலை 5 செக்கனுக்குள் தொட்டது. ஆனால் ஏற்றச் சொன்ன பாரம் 500 இறாத்தல்தான், ஏறத்தாழ 227 கிலோ. 50 கிலோ சீமெந்து மூடை நாலு வைத்தால் ஐந்தாவதற்கு இடமில்லை. எடுப்பும் பாரமும் ஒன்றையொன்று தின்னும் என்பதற்கு அத்தியாயத்தில் அதையே உதாரணமாக வைத்திருக்கிறேன்.

இது பழைய கதை, இப்போது யாருக்கு வேண்டும் என்றும் ஒரு மடல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து கொழும்பில் பழைய கெப் வைத்திருந்தவர்தான் பணக்காரர். 2025இல் இறக்குமதி திறந்த பிறகும் தெருவில் ஓடுவதில் பாதி அந்தக் காலத்து எலும்புகள் போலத்தான் எனக்குத் தெரிகிறது. பயிலுநர் கையில் வந்து சேர்வதும் அவைதான்.

டர்போ விழித்துக்கொள்ள எடுக்கும் தாமதத்துக்கான சொல்லைத் தனி இழையில் பேசுவோம், இதற்குள் போட்டுக் குழப்ப வேண்டாம். எடுப்பு, நிலையெடுப்பு, இடையெடுப்பு மூன்றுக்கும் மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள். வெறும் ‘நன்றாக இல்லை’ போதாது. வெள்ளிக்கிழமை அத்தியாயம் அச்சுக்குப் போகிறது.