யாகூவின் பழைய கடிதங்களும் உரையாடல்களும் இன்னும் இருக்குமா?

மாங்குளம் வாசகர்:
எமது சனசமூக நிலையத்தில் முதியோருக்கு இணையம் கற்பிக்கிறோம். புலம்பெயர்ந்த பிள்ளைகளுடன் முன்னர் யாகூ வழியாகத் தொடர்பிலிருந்த பெற்றோர் சிலர், அந்தக் கடிதங்களையும் அரட்டைகளையும் மீண்டும் வாசிக்க முடியுமா என்று ஏக்கத்துடன் கேட்கிறார்கள். அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

கிளிநொச்சி வாசகர்:
இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும், ஐயா. யாகூ மெசஞ்சர் 2018 யூலை 17 அன்று நிறுத்தப்பட்டுவிட்டதால், அதன் உரையாடல்களை இப்போது அங்கே தேடிப் பயனில்லை. மின்னஞ்சல் சேவை தொடர்கிறது. ஆனால், 12 மாதங்கள் நுழையாத அஞ்சற்பெட்டியின் உள்ளடக்கம் அழிக்கப்படலாம் என்பது அவர்களின் விதி.

வவுனியா வாசகர்:
1994இல் இணையத்தளங்களின் அடைவாகத் தொடங்கிய யாகூ, 1997இல் மின்னஞ்சலையும் சேர்த்து, வருபவர் வெளியேறாமல் செய்தி, தேடல், அரட்டை அனைத்தையும் ஒரே வாசலில் வழங்க முயன்றது. அதனால் ஒரு சேவை மூடப்பட்டதும் எல்லாமே போய்விட்டதென்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று.

கடவுச்சொல்லை மீட்க அந்நாளில் பதிந்த தொலைபேசி எண்ணோ மாற்று மின்னஞ்சலோ தேவைப்படும். இடம்பெயர்வில் எண்களை இழந்த எம்மவருக்கு இதுவே பெருந்தடை. ஆகவே, பிள்ளைகளின் கணக்கில் அதே கடிதங்களின் மறுபாதி இருக்கக்கூடும் என்பதால், முதலில் அவர்களிடம் கேளுங்கள்.